மகளை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள்

கொட்டகலை அப்பா:
மகள் தரம் 7. பிறவியிலேயே வலது கால் பலம் குறைவு, பிரேஸ் போட்டுத்தான் நடப்பாள். தரம் 5 வரை தோட்டத்துப் பள்ளிக்கூடம், அங்கே எல்லாரும் பிள்ளைமடுவத்திலிருந்தே ஒன்றாக வளர்ந்த லயத்துப் பிள்ளைகள், இவள் காலை ஒரு விஷயமாகவே யாரும் எடுக்கவில்லை. இப்போது டவுனில் பெரிய பள்ளிக்கூடம். புள்ளிக்குக் குறைவில்லை, கணிதத்தில் 80க்கு மேல். ஆனால் வியாழக்கிழமை வந்தால் வயிற்றுவலி. மெதுவாக விசாரித்தால், அன்றைக்கு உடற்கல்விப் பாடமாம். எல்லாரும் மைதானத்தில், இவள் மட்டும் சைப்பிரஸ் மரத்தடியில் தண்ணீர்ப் போத்தலுக்கும் சப்பாத்துக்கும் காவல். சேர் நல்ல மனிதர், விழுந்துவிடுவாள் என்ற பயத்தில்தான் உட்கார வைக்கிறார். "எல்லாரும் என்னைப் பாவம் பார்க்கிறாங்கப்பா" என்கிறாள். விசேட கல்வி அலகு (விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். மாற்றலாமா?

டீச்சர் அக்கா:
அண்ணன், அவசரப்பட வேண்டாம். கணிதத்தில் 80 எடுக்கிற பிள்ளைக்குக் காலுக்காக எதற்கு அலகு? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் வந்த 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, உடற்குறையைக் காட்டிப் பள்ளிக்கூட அனுமதியில் பாகுபாடு பார்க்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையையும் 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்டது, அதில் 24ஆம் உறுப்புரை முழுக்கக் கல்விதான். சரி, சட்டம் வாங்கில் இடம் கொடுக்கும், பக்கத்தில் இருப்பவள் பேசுவாளா என்பது வேறு கதை. சூசன் ஹார்ட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் பிள்ளைகளின் சுயமதிப்பை அளக்க 1985இல் ஒரு வினாக்கொத்து வெளியிட்டார். படிப்பு, நட்பு, விளையாட்டு, தோற்றம் என்று தனித்தனியாகக் கேட்பார், ஏனென்றால் ஒன்றில் தன்னைக் கெட்டிக்காரி என்று நினைக்கிற பிள்ளை இன்னொன்றில் தன்னை ஒன்றுமில்லை என்று நினைக்கலாம். உங்கள் மகளுக்குப் படிப்பில் குறையே இல்லை, இடிபடுவது வியாழக்கிழமையில். அந்தப் பாடத்தில் அவளுக்கு ஒரு வேலை கேட்டு வாங்குங்கள். போத்தல் காவல் வேலையில் சேராது.

மஸ்கெலியா மழை:
எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது டீச்சர். என் அக்கா மகனுக்கு வாசிப்பு வராது, பெரிய வகுப்பில் 2 வருடம் வாயே திறக்கவில்லை. அலகுக்குப் போன பிறகுதான் வீட்டில் பாட்டுப் பாடினான். அலகு என்றாலே ஒதுக்கி வைப்பது என்று பேசாதீர்கள்.

காது மெஷின்:
மழை சொல்வதும் சரிதான். என் கதையைச் சொல்கிறேன். தரம் 4லிருந்து காதில் மெஷின். டீச்சர் அன்பாகத்தான் செய்தார்: கரும்பலகை துடைக்க முறை போடுவது மாதிரி, என்னோடு இருப்பதற்கும் வாரத்துக்கு ஒருவனை நியமித்தார். திங்கட்கிழமை ஒருவன் புன்னகையோடு வந்து உட்காருவான், வெள்ளிக்கிழமையோடு போய்விடுவான். ரொட்டியில் பாதி கொடுப்பார்கள், கொப்பி கேட்டால் உடனே நீட்டுவார்கள். 11ஆம் தரம் முடியும்வரை ஒருவன்கூட என்னோடு சண்டை போடவில்லை. இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். மற்றப் பயல்கள் காலையில் கட்டிப்புரண்டுவிட்டுப் பின்னேரம் தோளில் கைபோட்டுக்கொண்டு ஸ்டோர் ரோட்டில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அண்ணன், நீங்கள் சேரிடம் போகும் முன்னால் மகளிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். என்னிடம் யாருமே கேட்கவில்லை.

கொட்டகலை அப்பா:
கேட்டேன். "வலைப்பந்துக்கு ஸ்கோர் போடத் தருவாங்களா" என்றாள், விதியெல்லாம் புத்தகம் பார்த்து ஏற்கெனவே பாடமாக்கி வைத்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. சேர் முதலில் யோசித்தார், வெயில், மழை என்றார், அப்புறம் ஒரு விசிலும் கொப்பியும் கொடுத்துவிட்டார். நேற்று மூன்றாவது வியாழன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கள்ளப் புள்ளி போட்டாள் என்று இரண்டு பேர் கத்தினார்களாம், இவளும் விடவில்லையாம், கொப்பியைப் பறித்ததில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. அதை ஒட்ட இப்போது பசை தேடிக்கொண்டிருக்கிறாள்.