பொருள்: மறு: கொரியாவின் 'தோ', 'குவாங்யொக்சி' – தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

தென்கொரியாவின் முதல்நிலை ஆட்சிப் பிரிவுகளான 'தோ' (பரந்த நிலப்பகுதி), 'குவாங்யொக்சி' (பெரிய நகரம்) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா எழுதியது இது:

> 'தோ' என்பதை மாநிலம் என்றே வைத்துக்கொள்வோம். காங்வொன், ஜொன்புக் என்ற இரு 'தோ'க்களும் ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்றுதானே எழுதிக்கொள்கின்றன?

எழுதிக்கொள்ளட்டும், ஐயா. 2023இல் காங்வொன்னும் 2024இல் ஜொன்புக்கும் சிறப்புத் தன்னாட்சி பெற்றன. ஆனாலும் கொரியப் பெயரின் ஈற்றில் நிற்பது அதே பழைய 'தோ'தான். தென்கொரியா கூட்டாட்சி நாடு அன்று. மாநிலம் என்றதும் நம் வாசகர் முதலமைச்சரையும் அமைச்சரவையையும் தேடுவார். இலங்கையில் அன்றாடம் புழங்கும் 'மாகாணம்' இருக்க, வேறு சொல் எதற்கு?

எனக்கு உண்மையில் சிக்கல் தருவது 'குவாங்யொக்சி'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அகல்பரப்பு நகர்' என்று வரும். நில அளவைத் துறை வைத்த பெயர்போல் இருக்கிறது. 'பெருநகர்' சென்னையையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் குறிக்கப் பழகிவிட்டது. இங்கே வேண்டியதோ நேர் எதிரான பொருள்: மாகாணத்திலிருந்து பிரிந்து, அதற்கு நிகராக நிற்கும் நகரம்.

எடுத்துக்காட்டாக, குவாங்ஜு நகரைப் பாருங்கள். ஜொன்ஜு, நாஜு என்ற இரு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1018இல் அன்று கொரியாவை ஆண்ட கொர்யோ அரசு உண்டாக்கிய மாகாணப் பெயர் ஜொல்லா. 1896இல் அதை வடக்கு, தெற்கு என்று பிரித்தபோது ஜொன்ஜு வடக்கே போனது, நாஜு தெற்கே நின்றது. பெயர் மட்டும் இரண்டுக்கும் பொது. தெற்கின் தலைநகரானது குவாங்ஜு. ராணுவ ஆட்சிக்கு எதிரான 1980 எழுச்சியில் மக்கள் கைப்பற்றியதும், மே 27 விடியலில் ராணுவம் புகுந்ததும் தெற்கு ஜொல்லாவின் மாகாண அலுவலகத்தில்தான். அப்போது குவாங்ஜு மாகாணத்துக்குள் இருந்தது. 1986இல் பிரிந்தது. அலுவலகமோ 2005இல் தெற்கு ஜொல்லாவுக்குள் இருக்கும் முவானுக்குப் போகும்வரை குவாங்ஜுவிலேயே இருந்தது, வாடகை வீட்டைக் காலி செய்யாதவர்போல.

எனவே என் பரிந்துரை: 'தனிமாநகர்'. அம்மையார் சொன்ன 'நேராட்சி நகர்' அழகான சொல். ஆனால் அது 1995 வரை இருந்த 'ஜிக்கால்சி' என்ற பழைய பெயருக்கே பொருந்தும். மைய அரசின் நேரடி ஆட்சி என்ற பொருள் வேண்டாம் என்றுதான் அதை மாற்றினார்கள். 1986 நிகழ்வை எழுதும்போது அதையே கையாளலாம்.

---

ஐயா, வணக்கம்.

'நேராட்சி நகர்' பழைய பெயருக்கே போகட்டும், எனக்கு வருத்தமில்லை. 'மாகாணம்' என்பதிலும் உடன்பாடே. 'தனிமாநகர்' பற்றி ஒரு தயக்கம். 2012இல் உருவான செஜோங்கைச் 'சிறப்புத் தன்னாட்சி நகர்' என்கிறோம். 'தனி'யும் 'தன்'னும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் இரண்டையும் ஒன்றாகவே படித்துவிடுவார். தவிர, செஜோங்கும் எந்த மாகாணத்திலும் சேராதது, அதுவும் தனிதானே? 'மாகாணநிகர் மாநகர்' என்றால் நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. அட்டவணையில் அதையும், ஓடும் உரையில் உங்கள் சொல்லையும் வைத்துப் பார்க்கலாமா?