இரட்டைக் காலக் கதை: துணித்துண்டு 260 வருஷம் தாங்க வழி வேண்டும்

நண்பர்களே, மர்ம நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. களம் லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல், பெற்றோர் வளர்க்க முடியாமல் விட்டுச்செல்லும் குழந்தைகளுக்கான இல்லம். 1759-இல் ஒரு தாய் குழந்தையை அங்கே விடுகிறாள். இன்று அவளுடைய இன்னொரு மகளின் வழிவந்த பெண் துப்புத் துலக்குகிறாள்.

சேர்க்கைச் சீட்டில் குழந்தையின் வயது, உடுப்பு உண்டு. தாய் பெயர் இல்லை. குழந்தைக்கும் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள். அடையாளம், சீட்டில் ஊசியால் குத்திய பூ அச்சுத் துணித்துண்டு மட்டுமே. மறுபாதி தாயிடம்.

கதையை 1760-களின் கடைசிக்கு நகர்த்திப் பார்த்தேன்: அப்போது தாய்மார் மனு எழுத வேண்டும், பெயர் தெரிந்து மர்மம் போய்விடுகிறது. மறுபாதியை டைரிக்குள் வைப்பதும் சரிவரவில்லை, ஏழைப்பெண் டைரி எழுதியிருப்பாளா? ஒட்டுத்துணிப் போர்வையில் தைத்தால் சலவையில் சாயம் போகும். இரும்புச் சாயம் ஏறிய கறுப்பு, பழுப்புப் பகுதிகள் தாமாகவே இற்று உதிரும்.

வெளிச்சமும் தண்ணீரும் படாமல், தாயிடமிருந்து மகளுக்கென்று கைமாறி வர, அந்த மறுபாதியை எந்தப் பொருளுக்குள் வைத்தால் வாசகர் நம்புவார்?