டூம் ரைடர்: 2013-க்குப் பிறகு வந்ததையும் ஆடலாமா?

வணக்கம் நண்பர்களே, காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். 1996-இல் வந்த முதல் டூம் ரைடர் வீடியோ கேமில் ஊறியவன் நான். கதையைப் புதிதாகத் தொடங்கிய 2013 ஆட்டத்தை இப்போதுதான் முடித்தேன்.

இதில் கதாநாயகி லாரா இளம்பெண். கப்பல் உடைந்து யமட்டாய் தீவில் ஒதுங்குகிறாள், கையில் வில். சண்டை அருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் லாரா உள்ளே புகுந்து புதிர் அவிழ்க்கும் கல்லறைகள்? பெரும்பாலும் ஒரே புதிர், அதுவும் கட்டாயமில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் எதைத் தொடவேண்டும் என்று பளிச்சென்று காட்டிவிடுகிறது. பழையதில் செயின்ட் பிரான்சிஸ் ஃபாலி என்ற கட்டம் நினைவிருக்கிறதா? ஆளரவமே இல்லாத கட்டடத்தில் கதவு கதவாகத் திறந்து, தலைக்கு மேல் வாள்கள் தொங்கும் அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்போமே, அந்தத் திகில் இதில் இல்லை.

இதன் தொடர்ச்சியாக 2015, 2018-இல் வந்தவற்றை ஆடியவர்கள் சொல்லுங்கள்: புதிர்கள் பெரிதாகின்றனவா? தங்கச்சிக்கும் இப்போது ஆர்வம் வந்திருக்கிறது. 2024-இல் மெருகேற்றி வெளியிட்ட பழைய மூன்றும் அவளுக்குச் சரிப்படுமா? அப்புறம், சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் யாரிடமாவது பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) டிஸ்க் இருந்தால் கொஞ்ச நாள் இரவல் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.