பகலில் பட்டினி, இரவில் நிறுத்த முடியாத சாப்பாடு

தேன்மொழி: பகலெல்லாம் இரண்டு இட்லிதான். வீடு தூங்கிய பிறகு முறுக்கு, மிச்சச் சோறு, வெல்லம் என்று வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். அப்புறம் அழுகை. வாந்தி எடுப்பதில்லை. நான்கு மாதமாக வாரம் மூன்று முறை. இது நோயா, வாய்க்கட்டுப்பாடு இல்லாததா?

கயல்: நோயாக இருக்கலாம் அக்கா. 2013-இல் டி.எஸ்.எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூல், இதை (பிஞ்ச் ஈட்டிங், கட்டுப்பாடின்றி அளவுமீறிச் சாப்பிடுவது) தனிக் கோளாறாகச் சேர்த்தது. வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் என்பது அளவு. எனக்கும் இருந்தது. மனநல மருத்துவர் முதலில் சொன்னது, பகல் சாப்பாட்டை விடாதே என்றுதான். பட்டினிதான் இரவில் திருப்பி அடிக்கிறது.

முருகன்: மனைவிக்காக டப்பாக்களை ஒளித்து வைத்தேன். தப்பு. இன்னும் மறைந்து சாப்பிட்டாள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

தேன்மொழி: சரி, வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் போகிறேன். முறுக்கு டப்பாவைப் பற்றியும் சொல்வேன்.