34 வயசுல உயில் எழுதலாங்களா? ஊட்ல பெரிய சண்டையாயிருச்சு

ஓவர்லாக்_அவிநாசி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் அவிநாசி பக்கமுங்க, திருப்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேன், எட்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) ஓடுது. வயசு 34. சம்சாரம், 6 வயசுல பொண்ணு, 2 வயசுல பையன், அம்மாவும் எங்ககூடத்தான். போன மாசம் என்கூட பாலிடெக்னிக் படிச்ச சிநேகிதன் ராத்திரி படுத்தவன் காலைல எந்திரிக்கலீங்க, என்ற வயசுதான். காரியம் முடிஞ்ச மூணா நாளே அவன் சம்சாரம் அவனோட கணக்கு நோட்டை மடில வெச்சுட்டு யாருக்கு தரோணும் யாருகிட்ட வரோணும்னு ஒவ்வொரு நம்பரா போன் போட்டுக்கிட்டு இருந்துச்சு, நோட்ல பாதி பேரு வெறும் இனிஷியல்தான். அதைப் பாத்ததுல இருந்து எனக்கு தூக்கமில்லீங்க.

உயில் எழுதி வெச்சரலாம்னு அம்மாகிட்ட சொன்னேன். "நல்லா இருக்கற ஊட்ல எதுக்குடா இந்தப் பேச்சு, அதெல்லாம் அறுவது தாண்டட்டும்"னு ஒரே அழுகை, ரெண்டு வேளை சோறு உங்கலீங்க. பேங்க்லயும் எல்ஐசிலயும் நாமினி சம்சாரம் பேருதான் இருக்குது, அது பத்தாதுங்களா? இந்த வயசுல எழுதறது தப்புங்களா?

நூல்கண்டு_பல்லடம்:
தம்பி, நான் எழுதறத உங்கம்மாகிட்ட ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. எங்க ஊட்டுக்காரரு 2017ல பைக் ஆக்சிடென்ட்ல போனாரு, 36 வயசு. பன்னெண்டு தறி, தறி மேல லோனு, அவரு பேர்ல ஆறு சென்ட் சைட்டு ஒண்ணு. சைட்ட வித்து லோன அடைச்சுட்டா தறிய நாமளே ஓட்டிக்கலாம்னு நெனச்சேன், பார்ட்டியும் அட்வான்ஸோட வந்துட்டாங்க. அப்பறந்தான் தெரியுது, உயில் இல்லாததால அந்த சைட்டு எனக்கு, எம் மாமியாருக்கு, ரெண்டு புள்ளைங்களுக்குன்னு நாலு பங்காயிருச்சாம். மாமியாரு தங்கமானவங்க, எங்க வேணா கையெழுத்து போடறேன்னுட்டாங்க. ஆனா புள்ளைங்க மைனரு, பெத்தவளா இருந்தாலும் அதுங்க பங்க விக்கோணும்னா கோர்ட் பர்மிஷன் வேணும்னுட்டாங்க. பர்மிஷன் வாங்க பதினொரு மாசம், வந்தப்பவும் புள்ளைங்க பங்குப் பணத்த அதுங்க பேர்லயே டெபாசிட் போடச் சொல்லிட்டாங்க, அது நாயந்தான், ஆனா லோனுக்கு பாதிப் பணந்தானுங்க கைக்கு வந்துச்சு, அதுக்குள்ள வட்டி ஏறி, பன்னெண்டு தறியையும் எடைக்குத்தான் போட்டேன். லாரில ஏத்தறப்ப சின்னவ தறிக்குழில இறங்கி நின்னுக்கிட்டு வர மாட்டேன்னா.

"என் சம்சாரத்துக்கு"ன்னு ஒரு காயிதத்துல எழுதி ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து போட்டிருந்தா இத்தனையும் இல்லீங்க. அறுவது வயசுல எழுதறவருக்கு புள்ளைங்க வளந்துருக்கும், அதுங்களே கையெழுத்து போட்டுக்கும். புள்ளைங்க சின்னதா இருக்கறப்பதான் அவசரமா வேணும்.

தாராபுரம்_வக்கீல்:
அக்கா சொன்னதுல சட்டமும் அதேதானுங்க. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆம்பள உயில் எழுதாம செத்தா அம்மா, சம்சாரம், பையன், பொண்ணு எல்லாருக்கும் சம பங்கு.

நாமினிய நம்பி ஏமாறாதீங்க. பேங்க்ல நாமினிங்கறவங்க பணத்த கைல வாங்கிக்கறவங்க மட்டுந்தான், வாரிசுங்க உரிமை அதனால போயிராது. ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கும் இப்படித்தான்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு.

18 முடிஞ்சு நல்ல புத்தியோட இருக்கற யாரும் உயில் எழுதலாமுங்க. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், கையாலயும் எழுதலாம் டைப்பும் அடிக்கலாம். நீங்க கையெழுத்து போடறத ரெண்டு சாட்சி பாக்கோணும், அவங்களும் உங்க முன்னாடியே போடோணும். இதுலதான் பலபேரு கோட்டை விடறாங்க, கையெழுத்து போட்டு மடிச்சு வெச்சுட்டு அடுத்த வாரம் சாட்சியத் தேடறது. சாட்சி உங்கள விட சின்ன வயசா இருக்கட்டும், பின்னால சண்டை வந்தா ஒருத்தராச்சும் கோர்ட்டுல வந்து சொல்லோணும். சொத்து வாங்கறவங்களயே சாட்சியா போட்டராதீங்க. பத்திர ஆபீஸ்ல பதியறது கட்டாயமில்ல, ஆனா பதிஞ்சுருங்க, காயிதம் தொலைஞ்சாலும் அங்க நகல் கெடைக்கும். மறக்காம புள்ளைங்களுக்கு கார்டியன் யாருன்னும் எழுதுங்க, உங்க சம்சாரம் இருக்கற வரைக்கும் அவங்கதான், அதுக்கப்பறம் யாருங்கறதுக்கு.

உங்கம்மா பயப்படறது சொத்து இன்னைக்கே கைமாறிரும்னாக்கூட இருக்கலாம். அது செட்டில்மெண்ட்டுக்குத்தானுங்க, அதாவது உசுரோட இருக்கறப்பவே சொத்த எழுதிக் குடுத்தர்றது. உயில் நீங்க இருக்கற வரைக்கும் வெறும் காயிதம், எத்தன தடவ வேணா மாத்தலாம், கடைசியா எழுதுனதுதான் செல்லும்.

சரவணம்பட்டி_பொண்ணு:
எல்லாரும் ஆம்பளைங்களுக்கே சொல்றீங்க, பொம்பளைங்களும் எழுதோணுமுங்க! நான் ஐடில இருக்கேன், கல்யாணமாகி ரெண்டு வருசம், குழந்தை இல்ல. எங்க அய்யனும் அம்மாவும் என்ற சம்பளத்துலதான் இருக்காங்க. எனக்கு ஏதாச்சும் ஆனா நான் சம்பாரிச்ச எல்லாம் முழுசா வீட்டுக்காரருக்கு, அவரும் இல்லைனா அவரோட சொந்தத்துக்கு, அதுக்கப்பறந்தான் பெத்தவங்களுக்கு. பொண்ணுங்களுக்கு சட்டத்துல வரிசை அப்படித்தான் இருக்கு. கல்யாணமான மூணு மாசத்துல புருசன் போயி, புகுந்த வீட்ல தொரத்திவிட்டு, பெத்தவங்க படிக்க வெச்சு வேலைக்குப் போன ஒரு பொண்ணோட பணம் புருசன் வீட்டு ஆளுங்களுக்குத்தான்னு 2009ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. படிச்சப்ப கையெல்லாம் நடுங்கிருச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுனேன், அவரே உக்காந்து எனக்கு டைப் அடிச்சுக் குடுத்தாரு. இன்னொண்ணு, பிஎஃப்ல கல்யாணத்துக்கு முன்ன போட்ட நாமினேஷன் கல்யாணமானா செல்லாது, புதுசா போடோணும், எங்க டீம்ல முக்காவாசிப் பேருக்கு இது தெரியல.

ஓவர்லாக்_அவிநாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பல்லடத்து அக்கா எழுதுனத நேத்து பொழுதோட அம்மாவுக்கு படிச்சுக் காட்டுனேன். தறிய எடைக்குப் போட்டதுன்னு வந்ததும் "அந்தப் புள்ளைங்க இப்ப என்ன படிக்குதுங்க"ன்னு மட்டும் கேட்டாங்க, வேற ஒண்ணும் பேசலீங்க. காலைல கட்டுத்தரைய கூட்டிட்டு வந்து பீரோ அடில இருந்து ஒரு மஞ்சப்பைய எடுத்து எம் மடில வெச்சாங்க. பூராவும் தோட்டத்துக் காயிதம். பாத்தா ரெண்டேகால் ஏக்கராவும், பங்காளிங்களோட இருக்கற கூட்டுக் கிணத்துல நம்ம முறையும், எல்லாம் இன்னும் அப்பாரு (அப்பாவோட அப்பா) பேர்லயே இருக்குது. அப்பா போயி 9 வருசமாச்சு, பெரியப்பாவும் அத்தையும் இருக்காங்க, பாகமே பிரிக்கல. இதை எப்படிங்க வக்கீலண்ணா உயில்ல எழுதறது?

தாராபுரம்_வக்கீல்:
முழுசா எழுத முடியாதுங்க, உங்களுக்கு வர்ற பங்க மட்டுந்தான். "என் பாட்டனார் சொத்தில் எனக்குச் சேரவேண்டிய பங்கு"ன்னு போட்டு சர்வே நம்பர், கிணத்து முறை எல்லாம் எழுதி இப்பவே முடிச்சுருங்க, பாகம் பிரியட்டும்னு காத்திருக்க வேண்டாம். அத்தைக்கும் பங்கு உண்டு, அவங்கள விட்டுட்டு எதுவும் பண்ணாதீங்க. பெரியப்பா நல்லா நடமாடறப்பவே வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட்டு பாகப்பிரிவினை பேசி முடிங்க. மஞ்சப்பைல மூலப்பத்திரம் இருக்குதான்னு பாத்து நம்பர் சொல்லுங்க, வில்லங்கம் போட்டுப் பாத்தரலாம்.

நூல்கண்டு_பல்லடம்:
தம்பி, பெரியவன் பிளஸ் டூ, சின்னவ ஒம்பதாவதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.