போர் நடந்துகொண்டிருக்கும்போதே மலேரியா எப்படி ஒழிந்தது?

நிலா86:
படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன், இலங்கையின் மலேரியாக் கணக்கைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. 1999இல் 264,549 நோயாளர். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய ஒருவரைக்கூடக் காணவில்லை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. இதற்கிடையில் 2009 மே வரை சண்டை, அதுவும் நுளம்பு மலிந்த வன்னியிலும் கிழக்கிலும். யேமனைப் பாருங்கள், போருக்குள் கொலரா வந்து 2017 முடிவதற்குள் சந்தேக நோயாளரே பத்து லட்சம். எங்களுக்கு மட்டும் எப்படித் தலைகீழாக நடந்தது? மழை குறைந்ததா, சனம் இடம்பெயர்ந்ததாலா, இல்லை கணக்கே பிழையா? அந்த நேரம் அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கோ.

வன்னியூரான்:
தங்கச்சி, கணக்குப் பிழையில்லை. தொண்ணூறுகளில் முல்லைத்தீவுப் பக்கம்தான் வளர்ந்தேன், அப்பாவுக்கு மூன்று தரம் வந்தது, எனக்கு இரண்டு தரம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன காய்ச்சல் என்று கேட்பதற்கு முன்னமே விரலில் குத்திவிடுவார்கள். கண்ணாடித் துண்டில் ஒரு துளி இரத்தம். கரண்ட் கிடையாது, இரத்தம் பார்க்கிற அண்ணை நுணுக்குக்காட்டியை யன்னலோரம் வைத்து, அடியிலிருக்கிற சின்னக் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பித்தான் பார்ப்பார். ஒருநாள் முகில் மூடிவிட்டது, "கொஞ்சம் பொறுங்கோ, வெயில் வரட்டும்" என்றார், வரிசை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆனால் முடிவு கையில் கிடைக்காமல் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை, குளிசையும் அங்கேயே.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இடம் இயக்கத்தின் (புலிகளின்) கட்டுப்பாட்டில், ஆனால் அந்த அண்ணைக்கும் டொக்டருக்கும் பீ.எச்.ஐக்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும்) சம்பளம் கொழும்பு அரசாங்கத்திடமிருந்து. மருந்தும் அங்கிருந்துதான், சோதனைச் சாவடிகளில் கிடந்து பிந்தித்தான் வரும், கேட்டதில் பாதிதான் வரும், ஆனாலும் வந்தது.

குளிசை_டப்பா:
வன்னியூரான் சொன்ன அந்த ஒரு துளி இரத்தம்தான் முழு விஷயமும் என்று நான் சொல்லுவேன். எங்களிடம் அதிகம் இருந்தது வைவாக்ஸ் வகை, அது கல்லீரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பவும் எழும்பும். காய்ச்சல் விட்டதும் நிறுத்தினால் அதே ஆள் அடுத்த மழைக்கு நுளம்புக்குச் சாப்பாடு. அதனால்தான் பிற்காலத்தில் கல்லீரலில் ஒளிந்ததைக் கொல்லும் பிறைமாக்குயின் குளிசையை 14 நாள் விழுங்கினாரா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். மருந்தூட்டிய நுளம்பு வலை உலக நிதியத்தின் (எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான Global Fund) காசில் வந்தது, வீட்டுச் சுவருக்கு மருந்தடிப்பதும் நடந்தது. நுளம்புக்குப் பழகிப்போகாதபடி, ஒரே மருந்தையே அடித்துக்கொண்டிருக்காமல் மாற்றியதும் முக்கியம். கடைசி வருடங்களில் நோயாளரில் பெரும்பகுதி வடக்கில் நின்ற இராணுவத்தினர், அவர்களிடையேயும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கரையோரம்:
எல்லாம் சரி, ஆனால் "போர் நடந்தும் சுகாதாரம் நல்லாயிருந்தது" என்று மட்டும் எழுதிவிடாதேங்கோ. 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலேயே ஷெல் விழுந்தது. பிறகு இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கொப்பளிப்பானும் செங்கமாரியும். மலேரியா தப்பியது, மற்றதெல்லாம் தப்பவில்லை.

யேமனை ஒப்பிடுவதும் கொஞ்சம் அநியாயம். அங்கே 2016இல் மத்திய வங்கி சனாவிலிருந்து ஏடனுக்கு மாறியதோடு ஆஸ்பத்திரி ஊழியர் பலருக்கு ஒழுங்கான சம்பளமே நின்றுபோனது. கொலரா தண்ணீரால் பரவுவது, பம்புக்கு டீசல் இல்லாவிட்டால் கழிவு குடிதண்ணீரோடு கலந்துவிடும். இலங்கையில் ஒவ்வொருத்தராகக் குத்திப் பார்க்க நேரம் இருந்தது, அங்கே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வந்தால் யாரைப் பிடிப்பது?

சண்டையே இல்லாத காலத்தில் நாங்கள் கோட்டைவிட்ட கதையையும் கட்டுரையில் போடுங்கோ. 1963இல் நாடு முழுக்க 17 பேர்தான். முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், அறுபதுகள் முடிவதற்குள் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

நிலா86:
சம்பள விஷயம் எனக்குத் தட்டுப்படவே இல்லை, நன்றி அண்ணை. 17 கதையைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. இப்போது திரும்பி வர வாய்ப்பு இருக்கிறதா?

கரையோரம்:
இருக்கிறது. 2016 கடைசியில், சான்றிதழ் வந்து சில மாதத்திலேயே, மன்னாரில் ஸ்டீபென்சி என்ற நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது இதுதான். மற்றதுகள் ஆற்றுக் குட்டைகளில் பெருகும், இது கிணற்றிலும் தண்ணித் தொட்டியிலும் பெருகும். வெளிநாட்டில் தொற்றி வருகிறவர்களும் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள், ஆகவே பயணம் போய் வந்து காய்ச்சல் என்றால் டெங்கு என்று நினைத்துக்கொண்டு இருக்காமல் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்கவேணும். எங்கள் கிணற்றிலும் வந்து நுளம்புக் குடம்பி (புழு) தின்னுகிற சின்ன மீன் விட்டார்கள். வாளியோடு ஒன்றிரண்டு மேலே வந்துவிடும், அம்மா ஏசிக்கொண்டே திரும்ப உள்ளே ஊற்றுவா.