பதிமூணுக்குப் பத்து: மலைக்கோட்டை குடும்பக் குரூப்

சனி, 30 நவம்பர் 2024

கேன்டன் மாமா, 8:41 PM
13–10. அமெரிக்கன் ஃபுட்பால்ல நம்ம மிச்சிகன் காலேஜ், ஒஹாயோ ஸ்டேட்டைத் தொடர்ந்து நாலாவது வருஷமா ஜெயிச்சிருச்சு. 2021ல 42–27, 2022ல 45–23, போன வருஷம் 30–24. நாலுலயும் பாக்கவே சகிக்காத ஆட்டம் இதுதான். ஆனா ருசி இதுலதான் ஜாஸ்தி.

கொலம்பஸ் அத்தான், 8:43 PM
அப்பா, காலையிலேர்ந்து இது ஆறாவது மெசேஜ்

நோவை அக்கா, 8:43 PM
விடுங்க அத்தான், மாமாவுக்கு இன்னும் 364 நாள் இருக்கு 😂

திருச்சி பெரியம்மா, 8:46 PM
📷 காலை வணக்கம்

திருச்சி பெரியம்மா, 8:47 PM
என்ன தம்பி, இங்க விடியக்காலைலயே இத்தனை மெசேஜ். யாருக்கு என்ன ஆச்சு

கேன்டன் மாமா, 8:48 PM
ஒண்ணும் இல்லக்கா. மிச்சிகன் ஒஹாயோ ஸ்டேட்டை அவங்க ஊர் மைதானத்துலயே வச்சு ஜெயிச்சிருச்சு. அவங்க ரேங்க் 2, நாம 6 வெற்றி 5 தோல்வி. கிட்டத்தட்ட 20 புள்ளியில தோப்போம்னு ஊரே சொல்லிச்சு.

திருச்சி பெரியம்மா, 8:50 PM
கால்பந்துங்கறீங்க. நீ அனுப்பின வீடியோல எல்லாவனும் கையிலல்ல தூக்கிட்டு ஓடுறான்

நோவை அக்கா, 8:52 PM
பெரியம்மா, நாலு வாய்ப்புக்குள்ள 10 யார்டு முன்னேறணும். முன்னேறிட்டா மறுபடி நாலு. கபடி மாதிரி மல்லுக்கட்டு, கிரிக்கெட் மாதிரி ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்ட் செட்டிங். காலுக்கு வேலை கடைசில உதைக்கிறப்பதான்.

கொலம்பஸ் அத்தான், 8:53 PM
உதைக்கிறது பத்திப் பேசாதே ப்ளீஸ்

நான், 8:55 PM
பேசித்தான் ஆகணும் அத்தான். உங்க கிக்கர் ஃபீல்டிங் 3 புள்ளி உதை ரெண்டை விட்டான், 38 யார்டும் 34 யார்டும். 6 புள்ளி. தோத்தது 3ல.

கொலம்பஸ் அத்தான், 8:56 PM
அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க ஜெயிக்கல, நாங்க தோத்தோம். மொத்த யார்டு பாரு, நாங்க 252, நீங்க 234. பந்தை வீசிப் பிடிக்கிற பாஸ்ல நீங்க எடுத்தது 62 யார்டு. 62! ஒரு முழு ஆட்டத்துல!

கேன்டன் மாமா, 8:58 PM
உதைக்க ஏன் வந்தான்னு பாருடா. பந்தோட கோல் லைனைத் தாண்டி டச்டவுன் போட முடியாமத்தானே வந்தான். 34 யார்டு உதைன்னா பந்து 17வது யார்டுல நின்னுருக்குன்னு அர்த்தம். உதைக்கிற தூரத்துல 17 எப்பவும் கூட வரும், கோல் லைனுக்குப் பின்னால இருக்கற எண்ட் ஸோன் 10, பந்தைப் பின்னால வாங்கி வைக்கிறது 7. அவ்வளவு கிட்ட போயும் பாஸ் பிடிக்கிற ரிசீவர் ஸ்மித், எக்புகா, டேட்னு மூணு பேர வச்சுக்கிட்டு உள்ள போக முடியலேன்னா அது கிக்கர் குத்தமா?

கேன்டன் மாமா, 8:59 PM
ரெண்டாவது பாதியில உங்க புள்ளி என்ன? பூஜ்யம்.

நோவை அக்கா, 9:03 PM
மாமா சொல்றதுதான் சரி. ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்தது நம்ம டிஃபென்ஸ் நடுவுல நின்ன ரெண்டு பேர். மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். ஒருத்தன் 145 கிலோ, இன்னொருத்தன் 150க்கும் மேல. ஒஹாயோ ஸ்டேட் ரன் கணக்கு 26 தடவை ஓடி 77 யார்டு. ஒரு ஓட்டத்துக்கு 3 யார்டு கூட முழுசா வரல. பந்தைத் தூக்கிட்டு ஓடுறதுல ஹெண்டர்சன், ஜட்கின்ஸ் மாதிரி ரெண்டு பேர் வேற எந்த டீம்லயும் ஒண்ணா இல்லை, அவங்களுக்கே இந்த கதி.

நான், 9:04 PM
அக்கா, ஒருத்தனை ரெண்டு பேர் சேர்ந்து தடுக்கிற அந்த டபுள் டீம் விஷயத்தை விளக்கிச் சொல்லேன். பெரியம்மாவும் படிக்கிறாங்க

நோவை அக்கா, 9:09 PM
நடுவுல ஓடுறவனுக்கு வழி விட, பந்து வச்சிருக்கற டீமோட முன்வரிசைல நடுவுல நிக்கிற சென்டரும் அவன் பக்கத்துல நிக்கிற கார்டும் சேர்ந்து முதல்ல எதிர்ல நிக்கிற தடுப்பாளை, அதாவது டேக்கிளை, முட்டித் தள்ளுவாங்க. அவன் நகர ஆரம்பிச்சதும் ஒருத்தன் அவனை விட்டுட்டு பின்னால நிக்கிற லைன்பேக்கரை நோக்கிப் போகணும். அந்த விடுபடுற நேரம்தான் எல்லாமே. கிரஹாம் நகரவே இல்லைன்னா, விட்டுட்டுப் போனா அவன் உடனே உள்ள பூந்துருவான். அதனால ரெண்டு பேரும் அவன் மேலயே சாய்ஞ்சு கிடப்பாங்க. நம்ம லைன்பேக்கருங்க ஹவுஸ்மனும் பார்ஹமும் மேல கை படாம வந்து ஓடுறவனைப் பிடிப்பாங்க. புள்ளிவிவரத்துல ஆளைப் பிடிச்சு விழ வச்ச கணக்கு அவங்க பேர்ல ஏறும், வேலை செஞ்சது கிரஹாம்.

திருச்சி பெரியம்மா, 9:11 PM
ஆட்டுக்கல்ல ரெண்டு பேரு சேந்து நகட்டப் பாத்த மாதிரி

நோவை அக்கா, 9:11 PM
அதேதான் 😄

கொலம்பஸ் அத்தான், 9:14 PM
ஒரு நியாயம் சொல்றேன். சீசன் ஆரம்பத்துல இருந்த எங்க முன்வரிசை லைன் இது இல்லை. லைன்ல இடது ஓரத்துல நிக்கிற லெஃப்ட் டேக்கிள் சிம்மன்ஸ் அக்டோபர்ல ஆரிகன் ஆட்டத்துல முட்டி போயி வெளிய. சென்டர் மெக்லாஃப்லின் இந்த மாசம் குதிகால் தசைநார் அறுந்து வெளிய. கார்டா இருந்த டோனவன் ஜாக்சன் டேக்கிளுக்குப் போயிட்டான், ஹின்ஸ்மன் சென்டருக்கு வந்துட்டான். அஞ்சுல மூணு இடம் மாறிப்போச்சு. புதுசா சேர்ந்த கார்டும் சென்டரும் கிரஹாம் மேல டபுள் டீம் போட்டா எப்ப விடுறதுன்னு ஒருத்தருக்கொருத்தர் பழகியே இருக்காது.

நான், 9:15 PM
அது தெரிஞ்சும் ஏன் நடுவுலயே ஓடினாங்கங்கறதுதான் கேள்வி

கொலம்பஸ் அத்தான், 9:16 PM
அதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்லடா. முதல் வாய்ப்பு நடு ரன், ரெண்டு யார்டு. ரெண்டாவதும் நடு. மூணாவதுல ஏழோ எட்டோ வேணும்னு நிப்பான். வில் ஜான்சன் ஆடல, ரிசீவரை ஒட்டி நின்னு தடுக்கிற உங்க பெஸ்ட் கார்னர். அந்தப் பக்கம் ஸ்மித்தைத் தேடித் தேடிக் கொடுக்க வேண்டாமா?

கேன்டன் மாமா, 9:20 PM
அந்த எடத்துலதான் நம்ம டிஃபென்ஸ் கோச் மார்ட்டின்டேல் புத்திசாலித்தனம். வழக்கமா கூடுதல் ஆளை அனுப்பி, பாஸ் வீசுற குவார்ட்டர்பேக்கை நெருக்கி பிளிட்ஸ் பண்றவர். நேத்து வரைக்கும் அதுக்காகவே திட்டு வாங்கினவர். இன்னிக்கு பெரும்பாலும் நாலே பேரை முன்னால விட்டுட்டு, கடைசிக் காவலா நிக்கிற சேஃப்டி ரெண்டு பேரையும் ஆழமா நிறுத்திட்டார். அர்த்தம் என்ன? "ஓடணுமா ஓடிக்கோ, தலைக்கு மேல மட்டும் கொடுக்க மாட்டேன்." முன்னால ஆள் கம்மியா இருக்கறதைப் பாத்து எதிராளிக்கு ஓடத்தான் ஆசை வரும். ஓடினா கிரஹாம் இருக்கான். தூண்டில்ல புழு மாட்டின மாதிரி.

கேன்டன் மாமா, 9:21 PM
அவங்க குவார்ட்டர்பேக் ஹவர்ட் 33 பாஸ், 19 முழுசாச்சு, 175 யார்டு. ஒரு பாஸுக்கு 5.3. ரெண்டு இன்டர்செப்ஷன்.

நான், 9:24 PM
எதிராளி பாஸை நடுவுல பறிக்கிற அந்த இன்டர்செப்ஷன்ல ஏமிர் ஹால் எடுத்ததுதான் பெரிசு. அவங்க கோல் லைன்லேர்ந்து 2 யார்டுல பந்து நமக்குக் கிடைச்சுது. அல்பனிலேர்ந்து வந்த பையன், ஜான்சன் இருந்தா பெஞ்சுல உக்காந்திருப்பான். அப்புறம் பந்தைத் தூக்கிட்டு ஓடுற நம்ம மல்லிங்ஸ் 1 யார்டு டச்டவுன். நம்மளோட ஒரே டச்டவுன் அதுதான். நம்ம ஆஃபென்ஸ் சொந்தக் கால்ல நடந்து போய் எண்ட் ஸோனைத் தொடவே இல்லை.

நோவை அக்கா, 9:26 PM
அதைத்தான் நானும் சொல்ல நினைச்சேன். எல்லாரும் கொண்டாடுறீங்க, ஆனா பாஸ் ஆட்டம் படு கேவலம். நம்ம குவார்ட்டர்பேக் வாரன் 16ல 9, 62 யார்டு, ரெண்டு இன்டர்செப்ஷன். ஒரு முயற்சிக்கு 4 யார்டு கூட இல்லை.

நான், 9:27 PM
லவ்லண்ட் இல்லாம ஆடினாங்கக்கா. டீம்லயே அதிகமா பந்து பிடிச்சவன்

நோவை அக்கா, 9:31 PM
தெரியும். அவன் இல்லாதப்ப ரிசீவர் யாரும் கார்னரை விட்டு ஒரு கை தூரம் கூடப் பிரியல. பிரியலைன்னு எதிராளிக்குத் தெரிஞ்சதும் சேஃப்டி ஒருத்தனை முன்னால இழுத்து ரன்னுக்கு நிறுத்திடுவான். அப்புறம் ரன்னும் அடைபடும். மல்லிங்ஸ் 32 தடவை ஓடி 116 யார்டு, சராசரி 3.6. அந்த 3.6ஐ இளப்பமா நினைக்காதீங்க. எட்டு பேரை எதிர்ல வச்சுக்கிட்டு எடுத்தது. முன்னாடி லைன்பேக்கரா இருந்தவன், இடிச்சா விழ மாட்டான், முன்னால சாய்ஞ்சுதான் விழுவான். அந்த சாய்ஞ்சு விழுற யார்டு ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ஒண்ணரை கூட வரும்.

கொலம்பஸ் அத்தான், 9:33 PM
எங்க சாயர் பறிச்ச உங்க பாஸை யாரும் சொல்ல மாட்டேங்கறீங்களே

கேன்டன் மாமா, 9:35 PM
சொல்றேன். நாலாவது குவார்ட்டர், 10–10, கோல் லைனுக்கு 3 யார்டு, மூணாவது வாய்ப்பு. பந்தை வெளிய வீசிட்டா கூட அடுத்து 20 யார்டு உதை, நம்ம கிக்கர் ஸ்வாடா கண்ணை மூடிக்கிட்டுப் போடுவான். அந்த எடத்துல குவார்ட்டர்பேக் செய்யக் கூடாத ஒரே காரியம் பந்தை எதிராளி கையில கொடுக்கறது. அதைச் செஞ்சான். சாயர் டிஃபென்ஸிவ் எண்ட், எகிறிப் பிடிச்சான். 3 புள்ளி தண்ணில போச்சு. அதை நான் மன்னிக்கல.

கொலம்பஸ் அத்தான், 9:36 PM
👆 இதை ஃப்ரேம் போட்டு வச்சுக்கறேன்

நான், 9:40 PM
ஆனா கடைசியா பந்து கிடைச்ச டிரைவ்ல பாடம் கத்துக்கிட்டாங்க மாமா. மூணாவது வாய்ப்பு, 6 யார்டு வேணும். ஊர்ல எல்லாரும் பாஸ்னுதான் நினைப்பாங்க. மல்லிங்ஸ் கையில கொடுத்தாங்க, 27 யார்டு.

நோவை அக்கா, 9:45 PM
அது தைரியம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது கணக்குன்னு தோணுது. பாஸ் போட்டு கீழ விழுந்தா கடிகாரம் நிக்கும், எதிராளிக்கு லாபம். ரன் 2 யார்டுல நின்னாலும் கடிகாரம் ஓடும், இல்லேன்னா அவங்க டைம் அவுட்டைச் செலவழிக்கணும். அடுத்த பிளே தொடங்க 40 வினாடி இருக்கு, அதுல 35ஐத் தின்னுட்டுத்தான் பந்தை எடுப்பாங்க. போன வருஷத்துலேர்ந்து காலேஜ் விதியும் இதுக்குத் தோது. முன்னெல்லாம் 10 யார்டு முன்னேறி எடுக்கற ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும் கடிகாரம் நிக்கும். இப்ப பாதியோட கடைசி 2 நிமிஷத்துல மட்டும்தான். ரன் ஆடுற டீமுக்குக் கிடைச்ச வரம் அது.

நான், 9:46 PM
45 வினாடி மிச்சம் வச்சுட்டு 21 யார்டு உதை. 13–10. அத்தான் டீமுக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்கல

கொலம்பஸ் அத்தான், 9:47 PM
தெரியும்டா. நான் அங்கதான் இருந்தேன்

திருச்சி பெரியம்மா, 9:49 PM
சாப்டியா கண்ணு

கொலம்பஸ் அத்தான், 9:49 PM
சாப்பிட்டேன் அத்தை 🙏

கேன்டன் மாமா, 9:53 PM
ஸ்வாடாவுக்கு ஒரு வார்த்தை. ரெண்டாவது குவார்ட்டர்ல போட்ட 54 யார்டு. 37வது யார்டு லைன்லேர்ந்து. மத்த டீம் அங்க பந்தை எதிராளிக்கு உதைச்சுக் கொடுத்து பன்ட் பண்ணிடும். 50 யார்டுக்கு மேல இந்த சீசன்ல ஒண்ணு கூட விடல. ஆர்கன்சாஸ் ஸ்டேட்லேர்ந்து டிரான்ஸ்ஃபர்ல வந்தவன். நம்ம 13ல 6 அவன் கால், 6 ஏமிர் ஹால் புண்ணியத்துல வந்த டச்டவுன், மிச்ச 1ம் அவன் காலே.

நோவை அக்கா, 9:54 PM
அப்ப 7 புள்ளி ஒரு கிக்கர். இதுதான் ஆஃபென்ஸ் லட்சணம் 🤦

நான், 9:55 PM
அதுக்குத்தான் ஸ்கூல் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் வர்றான். பெல்வில் பையன், மாமா வீட்டுக்குப் பக்கத்து ஊர். 21ந்தேதி லூசியானா ஸ்டேட்டை (எல்எஸ்யு) விட்டுட்டு மிச்சிகன்னு சொல்லிட்டான்

நோவை அக்கா, 9:58 PM
இன்னும் கையெழுத்து போடல. போட்டாலும் 18 வயசுப் பையனை முதல் ஆட்டத்துலயே இறக்கினா ரிசீவர் பிரியாத பிரச்சனை தீராது. முதல்ல காலேஜ் மாறுற ஆளுங்க பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல ரெண்டு ரிசீவர் வாங்கணும். கிரஹாம், கிராண்ட், ஜான்சன், லவ்லண்ட் நாலு பேரும் தொழில்முறை லீக் என்எஃப்எல் போற ஆளுங்க. அடுத்த வருஷம் இந்த ரெண்டு ஆட்டுக்கல்லும் இருக்காது. 13 புள்ளி வச்சு ஜெயிக்கிற கதை அப்ப நடக்காது.

கேன்டன் மாமா, 9:59 PM
நல்ல நாளும் அதுவுமா ஏம்மா

ஞாயிறு, 1 டிசம்பர் 2024

நான், 6:12 PM
நேத்து ஆட்டம் முடிஞ்சு நடந்த கைகலப்புக்கு, ரெண்டு டீமும் ஆடுற பிக் டென் லீக் அபராதம் போட்டுட்டாங்க. ரெண்டு டீமுக்கும் தலா 1,00,000 டாலர்

கொலம்பஸ் அத்தான், 6:14 PM
உங்க கொடியை எங்க மைதானத்து நடுவுல நட வந்தது யாரு?

கேன்டன் மாமா, 6:17 PM
அது தப்புதான். ஸ்கோர்போர்டுல 13–10னு எழுதியிருக்கு, அதுக்கு மேல கொடி எதுக்கு. போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடிக்கிற அளவுக்குப் போனது ரெண்டு பக்கத்துக்கும் அசிங்கம். ஜெயிச்சா கைகொடுத்துட்டு பஸ் ஏறணும்.

கொலம்பஸ் அத்தான், 6:19 PM
எங்க கோச் ரயன் டே இப்ப மிச்சிகனோட 1 வெற்றி, 4 தோல்வி. இங்க ரேடியோல அவரை வறுத்து எடுக்கறாங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன் அப்பா. பிக் டென் ஃபைனல் போச்சு, பென் ஸ்டேட் மேரிலண்டை 44–7 அடிச்சுட்டு ஆரிகனோட ஆடப் போகுது. சரி. நாட்டு சாம்பியனைத் தீர்மானிக்கிற பிளே ஆஃப் இந்த வருஷம் முதல்தடவையா 12 டீம். எங்களுக்கு 10–2, இடம் உறுதி. அந்த நடு ரன் பைத்தியத்தை மட்டும் விட்டுட்டு ஸ்மித்துக்கு ஆழமா போட்டாங்கன்னா எங்களை யாரும் நிறுத்த முடியாது.

நோவை அக்கா, 6:21 PM
அது உண்மை மாமா. நாலு பேரை மட்டும் முன்னால விட்டு ரன்னை அடக்க எல்லா டீம்லயும் கிரஹாம் இருக்க மாட்டான்.

திருச்சி பெரியம்மா, 6:24 PM
இப்பதான் எந்திரிச்சு எல்லாம் படிச்சேன். அந்தப் பிளே ஆஃப்ல நம்ம தம்பி டீம் எப்ப ஆடுது

நான், 6:25 PM
நாம இல்லை பெரியம்மா. 7–5. நமக்கு சீசன் முடிவுல ஏதாவது ஒரு தனி பௌல் ஆட்டம் மட்டும் கொடுப்பாங்க

திருச்சி பெரியம்மா, 6:27 PM
அப்ப ஜெயிச்சவன் வீட்டுக்கு, தோத்தவன் போட்டிக்கா?

கேன்டன் மாமா, 6:31 PM
அக்கா, அதை மட்டும் கேக்காதீங்க